ஒரு சிரட்டைக் கூலியும் ஓணான் தலையும்

மருதங்காட்டுக் குளத்தங்கரையில் மூட்டையப்பன் என்றொரு பெருச்சாளி மளிகைக் கடை வைத்திருந்தது. கடை என்றால் பெரிய வளைதான். உள்ளே கடலை, வெல்லம், புண்ணாக்கு, கருவாடு என்று மூட்டை மூட்டையாகக் கூரை வரை அடுக்கியிருக்கும். காட்டில் ஒரு கொட்டை விழுந்தால், அந்தச் சத்தம் அடங்குமுன் மூட்டையப்பன் அதை உருட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே யாருக்குப் பசித்தாலும் அந்தக் கடை வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

கடையில் வேலைக்கு இரண்டு பேர். வரிச்சி என்ற அணில் சாமானை நிறுத்துப் பொட்டலம் கட்டும். கழுதை மூட்டை சுமக்கும். நாள் முழுக்க உழைத்தால் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை கடலை கூலி. அணிலுக்கும் ஒரு சிரட்டை, கழுதைக்கும் ஒரு சிரட்டை!

"என் கடையில ஏற்றத்தாழ்வே கிடையாது!" என்று மூட்டையப்பன் பீற்றிக்கொள்ளும்.

கழுதை தன் கூலியை ஒரே நக்கில் முடித்துவிட்டு, மீதிப் பசிக்குப் பழைய சாக்கை மென்றுகொண்டிருக்கும். வரிச்சிக்கு அப்படி முடியாது. அதன் மரப்பொந்தில் மூன்று குட்டிகள் இருந்தன. ஐப்பசி அடைமழை பிடித்தால் கடையை மூடிவிடுவார்கள். மழை விடும்வரை கூலியும் கிடையாது. போன மழையில் அந்தக் குட்டிகள் ஈர மரப்பட்டையைச் சுரண்டித் தின்றுவிட்டு வயிற்று வலியில் அழுதன. இந்த மழைக்குள் பொந்தில் கொஞ்சம் கடலை சேர்த்தே ஆகவேண்டும் என்று வரிச்சி முடிவு செய்தது.

ஒருநாள் சாயங்காலம் முதலாளி முன்னால் போய் நின்றது.

"மொதலாளி, மழைக்காலம் வருது. கூலியை ஒன்றரைச் சிரட்டையா ஆக்கிக் குடுங்க!"

"ஒன்றரையா!" மூட்டையப்பனின் மீசை விறைத்தது. "நான் என்ன கடலைக்காடா வச்சிருக்கேன்?"

அதன் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த கடலை மூட்டையில் ஒன்று, இடம் போதாமல், அப்போதுதான் வெடித்துக் கொட்டியது.

"அது... அது வேற கணக்கு" என்றது மூட்டையப்பன்.

சரி, இவரிடம் பேசிப் பயனில்லை என்று வரிச்சியும் கழுதையும் மன்றத்துக்குப் போயின.

அந்தக் காட்டு மன்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைவி ஒரு எருமை. அது குளத்தைவிட்டு வெளியே வராது. அதனால் மன்றமே குளத்தங்கரையில்தான் கூடும். உறுப்பினர்கள் மூன்று பேர்: ஆடு, கொக்கு, ஓணான்.

அங்கே ஓட்டு என்றால் தலையை ஆட்டுவதுதான். தலைவி முதலில் "ஆதரிக்கிறவங்க?" என்று கேட்கும். பிறகு "எதிர்க்கிறவங்க?" என்று கேட்கும். எதிர்ப்புக்கு ஒரே ஒரு தலை ஆடினாலும் தீர்மானம் தோற்றுவிடும். நல்ல சட்டம்தான். ஆனால் ஓணானைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது வேலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆதரிக்கிறவங்க என்றாலும் ஆட்டும், எதிர்க்கிறவங்க என்றாலும் ஆட்டும். அது உறுப்பினரான நாளிலிருந்து அந்த மன்றத்தில் பாராட்டைத் தவிர ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

வரிச்சி கரையில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று பேசியது.

"தலைவரம்மா! கூலி ஒரு சிரட்டைன்னு பேரு. உங்களுக்குத் தெரியாததில்ல. கழிக்கிறதெல்லாம் போக வீட்டுக்கு அரைச் சிரட்டைதான் வருது. நாலு வயிறு அதுல எப்படி நிரம்பும்? ஒன்றரையாக் குடுத்தா, மழைக்குன்னு நாலு கடலை எடுத்து வைப்பேன்."

கழிக்கிறது என்றால் எதைக் கழிக்கிறது? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதென்று ஆகிவிடுமே! ஆகவே எல்லாரும் தெரிந்தாற்போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். எருமை கண்ணை மூடி அசைபோட்டது. ஓணான் வழக்கம்போல ஆட்டியது.

ஆனாலும் குட்டிகள் மரப்பட்டை தின்ற கதையை வரிச்சி சொன்னபோது ஆட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம்மா! ஒன்றரை என்ன, ரெண்டே குடுக்கலாம்!" என்றது ஆடு.

"தாராளமாக் குடுக்கலாம்!" என்று ஒற்றைக் காலில் நின்றபடி கொக்கும் சொன்னது.

அடுத்தவர் மூட்டை என்றால் தாராளத்துக்கு என்ன குறைச்சல்!

அந்த நேரம் பார்த்து மூட்டையப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. வந்ததும் எல்லாருக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டது.

"குடுக்கலாங்க, தாராளமாக் குடுக்கலாம்! பிள்ளைங்க மாதிரி பாத்துக்கிறேன் இவங்களை. ஆனா ஒண்ணு. கூலியைக் கூட்டினா, நாளையிலேர்ந்து கொசுறு குடுக்க எனக்குக் கட்டுப்படி ஆகாது!"

தவளைகூட வாயை மூடிக்கொண்டது.

கொசுறு என்றால் சாதாரண விஷயமா? மன்றத்தார் எப்போது கடைக்குப் போனாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மூட்டையப்பன் கைநிறையக் கொசுறு கொடுக்கும். எருமைக்கு ஒரு கட்டிப் புண்ணாக்கு. ஆட்டுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கொக்குக்கு ஒரு நெத்திலிக் கருவாடு. ஓணானுக்கு எறும்பு மொய்த்த வெல்லத் துண்டு. எறும்பும் கொசுறில் சேர்த்திதான்!

"கறிவேப்பிலையுமா?" என்று ஆடு மெல்லக் கேட்டது.

"அதுதாங்க முதல்ல நிக்கும்!"

ஆட்டின் கண்ணில் இருந்த ஈரம் உடனே காய்ந்துவிட்டது.

"எதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது" என்றது ஆடு.

"விலைவாசி ஏறிடும்! நாட்டு நிலைமையையும் பாக்கணுமில்ல?" என்று கொக்கு இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டது.

எருமை புண்ணாக்கை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டது. "ஆதரிக்கிறவங்க?"

ஓணான் தலை மட்டும் ஆடியது.

"எதிர்க்கிறவங்க?"

ஆடு, கொக்கு, ஓணான் மூன்று தலையும் ஆடின.

"தீர்மானம் தோத்துப் போச்சு!" என்றது எருமை.

வரிச்சி கல்லைவிட்டு இறங்கியது. அதன் வால் தரையில் இழுபட்டது. அதைப் பார்க்க ஆட்டுக்கு என்னவோபோல் இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டுமே, கறிவேப்பிலைக்குக் கெடுதல் வராமல்!

"ஏங்க, கூலியைக் கூட்டத்தான் முடியல. இவங்களைப் பாராட்டலாமே!" என்றது.

"பிரமாதம்! பொன்னாடை போத்துவோம், பட்டம் குடுப்போம்!" என்று கொக்கு குதித்தது.

பாராட்டுத் தீர்மானத்துக்கு மட்டும் அந்த மன்றத்தில் எதிர்ப்புக் கேட்பது வழக்கமில்லை. அதனால் அது அப்போதே நிறைவேறியது. மறுநாள் சாயங்காலம் பாராட்டு விழா என்று காடு முழுக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

விழாவுக்குக் காடே திரண்டு வந்திருந்தது. பொன்னாடைக்குக் காட்டில் எங்கே போவது? வாழை இலை இரண்டை அறுத்து வந்தார்கள். வரிச்சிக்கு ஒன்றைப் போர்த்தி, "பொட்டலத் திலகம்!" என்று பட்டம் கொடுத்தார்கள். கழுதைக்கு ஒன்றைப் போர்த்தி, "சுமைச் செம்மல்!" என்றார்கள்.

கழுதை அனுபவசாலி. கைதட்டல் ஓயுமுன்னே தன் பொன்னாடையைத் தின்று முடித்துவிட்டது.

வரிச்சியின் பொன்னாடை ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆடு பாராட்டிப் பேச ஆரம்பித்தது. "உழைப்பின் உருவமே!" என்று சொல்லி இலையின் ஓரத்தில் ஒரு கடி கடித்தது. "பொறுமையின் சிகரமே!" என்று சொல்லி இன்னொரு கடி கடித்தது. பேச்சு முடிந்தபோது வரிச்சியின் தோளில் இலையின் நடுநரம்பு மட்டும் கிடந்தது.

"மன்னிக்கணும். பழக்க தோஷம்" என்றது ஆடு.

அடுத்து மூட்டையப்பன் மேடை ஏறியது. அதற்கு ஏக சந்தோஷம்! ஒரு கடலை கூடச் செலவில்லாமல் காரியம் முடிந்துவிட்டது. சந்தோஷம் வந்தால் சிலருக்கு நாக்கு நிற்காது, மூட்டையப்பனுக்குக் கையும் நிற்காது.

"பெரியோர்களே! இன்னைக்குக் கூலியை உங்க எல்லார் முன்னாலயும் இந்த மேடையிலேயே குடுக்கிறேன்! பாத்துக்குங்க, ஒரு கடலை குறையாது!"

இப்படிச் சொல்லி வரிச்சியின் சிரட்டையில் கடலையைக் கோபுரமாகக் குவித்து அதன் கையில் கொடுத்தது. காடே கைதட்டியது.

"அதோட மன்றத்தாருக்கு இன்னைக்கு விசேஷக் கொசுறு!"

எருமைக்கு ஒரு கட்டிப் புண்ணாக்கை எடுத்துக் கொடுத்தது. கொடுத்த கை திரும்பி வரும்போது, போகிறபோக்கில், வரிச்சியின் சிரட்டையிலிருந்து ஒரு பிடிக் கடலையை அள்ளித் தன் சாக்கில் போட்டுக்கொண்டது.

ஆட்டுக்குக் கறிவேப்பிலை கொடுத்தது. சிரட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளியது.

கொக்குக்குக் கருவாடு கொடுத்தது. மறுபடியும் ஒரு பிடி.

ஓணானுக்கு வெல்லம். இன்னொரு பிடி.

கோபுரம் குன்றாகி, குன்று குழியாகி, பாதிச் சிரட்டை காலி! மூட்டையப்பன் சிரித்த முகம் மாறாமல், "எல்லாருக்கும் வணக்கம்!" என்றது.

ஒருவரும் கைதட்டவில்லை.

"நீ இப்ப என்ன பண்ணினே?" என்று எருமை கேட்டது.

"என்ன பண்ணினேன்? கொசுறுக் கழிவுங்க! தினமும் பண்றதுதானே?" என்று சொன்னபிறகுதான் மூட்டையப்பனுக்குத் தான் எங்கே நின்று பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. மீசை தொங்கிவிட்டது.

கருவாட்டை வாயில் வைத்திருந்த கொக்கு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றது.

"வரிச்சி! நாங்க வாங்கித் தின்னதெல்லாம் உன் கூலியா?" என்று ஆடு திக்கித் திக்கிக் கேட்டது.

"ஆமா. அதான் கழிக்கிறது போகன்னு சொன்னேனே! நீங்க கேட்டுத்தான் அவர் கழிக்கிறாருன்னு நெனச்சேன்" என்றது வரிச்சி. அதற்குள் அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போகட்டும்! இலையையும் தின்னாச்சு. இந்த நரம்பு ஒண்ணு மிச்சமிருக்கு, இதுவும் உங்களுக்குக் கொசுறாவே இருக்கட்டும்!"

வாழை நரம்பை ஆட்டின் முன்னால் எறிந்தது. ஆடு ஆடுதான், அந்த நரம்பை ஒரு பார்வை பார்த்தது. ஆனால் தொடவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்ச கதையால்ல இருக்கு!" என்றது கழுதை. "இதுல எங்களுக்குப் பொன்னாடை வேற!"

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. எருமை எழுந்தது! குளத்தைவிட்டு வெளியே வந்தது! யாரும் பார்த்திராத அதன் நான்கு கால்களையும் அன்றைக்குத்தான் காடு பார்த்தது.

"மறுபடியும் ஓட்டு எடுக்கிறேன்" என்றது எருமை. "கூலி ஒன்றரைச் சிரட்டை. கழிவு கிடையாது. ஆதரிக்கிறவங்க?"

ஆடு தலையை ஆட்டியது. கொக்கு கழுத்து முழுவதையும் ஆட்டியது. ஓணானும் ஆட்டியது.

மூட்டையப்பன் மீசைக்குள் சிரித்துக்கொண்டது. 'ஆட்டுங்க, ஆட்டுங்க! எதிர்ப்புன்னு கேட்டதும் நம்ம ஓணான் ஆட்டாமலா இருக்கும்? எதிர்ப்புக்கு ஒரு தலை போதுமே!'

"எதிர்க்கிறவங்க?"

காடே ஓணானைப் பார்த்தது. வரிச்சி சிரட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

ஓணானின் தலை மேலே போனது. அது கீழே வந்தால் தீர்ந்தது கதை. ஓணான் தன் கையிலிருந்த வெல்லத் துண்டைப் பார்த்தது. வரிச்சியின் பாதிச் சிரட்டையைப் பார்த்தது. சட்டென்று வெல்லத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் கழுத்தைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டது!

தலை நின்றது. ஆனால் பிறந்ததிலிருந்து ஆட்டிய ஆட்டம் எங்கேயாவது போகவேண்டுமல்லவா? தோளுக்குப் போனது. வயிறு குலுங்கியது. முதுகு நெளிந்தது. கடைசியில் வால் போட்டதே ஒரு ஆட்டம்!

"ஆடுது! ஆடுது! வால் ஆடுது! எதிர்ப்பு இருக்கு!" என்று மூட்டையப்பன் கத்தியது.

"வாலுக்கு ஓட்டு இல்லை!" என்று எருமை முழங்கியது. "தீர்மானம் நிறைவேறியது!"

கைதட்டல் காட்டையே தூக்கிக்கொண்டு போனது. ஓணான் கழுத்திலிருந்து கையை எடுத்து, அடக்கி வைத்த ஆட்டத்தையெல்லாம் ஒரேயடியாக ஆட்டித் தீர்த்தது.

"அப்படின்னா நான் கடையை இழுத்து மூடிடுவேன்!" என்றது மூட்டையப்பன்.

"மூடுங்க மொதலாளி" என்றது கழுதை. "கதவுக்குப் பாறாங்கல் வேணும்னா நானே தூக்கி வைக்கிறேன். கூலி வேண்டாம்."

சொன்னபடியே பாறாங்கல்லை வாசலில் தூக்கி வைத்தது. மூட்டையப்பன் உள்ளே, எல்லாரும் வெளியே. அடைத்த வளைக்குள் கருவாட்டு மூட்டையோடு குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்! மறுநாள் பொழுது விடியுமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கழுதை! அப்பா கழுதை! கல்லை எடு! ஒன்றரைச் சிரட்டை தரேன்! மூச்சு முட்டுது!"

அன்றிலிருந்து கூலி ஒன்றரைச் சிரட்டை ஆயிற்று. மன்றத்தார் கடைக்கு வந்தால் வாங்கியதை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்கள். ஆடு மட்டும், பழக்கத்தில், போகுமுன் ஒருமுறை நாக்கை நீட்டிப் பார்க்கும். பெருச்சாளியின் கையும், பழக்கத்தில், வரிச்சியின் சிரட்டைப் பக்கம் போகும். வரிச்சியின் வால் அந்தக் கையில் ஓங்கி ஒரு போடு போடும்.

ஐப்பசி வந்தது. அந்த வருஷம் மழை ஊற்றித் தள்ளியது. போதாததற்கு எருமை வேறு குளத்தின் நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. குளம் கரை மீறி நேராக மளிகைக் கடைக்குள் புகுந்தது. கடலையும் வெல்லமும் புண்ணாக்கும் காட்டாறாக ஓடின. மூட்டையப்பன் ஒரு காலி மூட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து வந்து, வரிச்சியின் மரத்தடியில் ஒதுங்கியது.

மேலே பொந்தில் வரிச்சியின் குட்டிகள் கடலை தின்றுவிட்டு, தோலை ஒன்றன் தலைமேல் ஒன்று போட்டு விளையாடிக்கொண்டிருந்தன.

"வரிச்சி! பசி உயிர் போகுது! ஒரு பிடி குடும்மா!" என்று பெருச்சாளி நடுங்கிக்கொண்டே கேட்டது.

வரிச்சி கீழே எட்டிப் பார்த்தது. நனைந்து ஊறிப்போன அதன் மீசையைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. இறங்கி வந்து, அதன் கையில் ஒரு பிடிக் கடலை வைத்தது.

பெருச்சாளி கடலையைப் பார்த்தது. வரிச்சியைப் பார்த்தது. எத்தனை பட்டாலும் பழக்கம் போகுமா?

"கொசுறு இல்லையா?" என்று கேட்டது.

"ஏன் இல்ல மொதலாளி? தாராளமா உண்டு!" என்றது வரிச்சி. "உங்க கையில இருக்கிற பிடியிலேர்ந்தே எடுத்துத் தரட்டுமா?"

மூட்டையப்பன் சட்டென்று கையை மூடிக்கொண்டது. கொசுறு என்ற சொல்லை அதற்குப் பிறகு அது வாயில் எடுக்கவே இல்லை.

சும்மா கிடைக்கிறதே என்று கை நீட்டுமுன், அது யாருடைய சிரட்டையிலிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.